கொக்கிக்குப் பதில் ஒரு பலகை

வியாழக்கிழமை காலை கதவுக்காரர் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்தபோது, தன் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆளைப் பார்ப்பதுபோல கொக்கி அதை மேலும் கீழும் பார்த்தாள்.

கொக்கி என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். அவள் வேலை அப்படி. அண்ணி மெஷினில் உட்கார்ந்து தைப்பாள். கொக்கி அவளுக்கு இடது பக்கம் நின்று துணியைப் பிடித்துக் கொடுப்பாள். சட்டை ரவிக்கை தைக்கிற மெஷின் இல்லை அது. கடை வாசலுக்கு வெயில் மறைப்பு, லாரிக்குத் தார்ப்பாய், மேடைக்குத் திரை என்று ஆள் உயரத்தைத் தாண்டுகிற எல்லாம் அந்த வீட்டுக்குத்தான் வந்து சேரும். அந்தக் கனத்தைத் தரையில் கிடக்கவிட்டு ஊசிக்கு இழுத்தால் ஊசி வளையும், நூல் அறும், தையல் ஓரிடத்தில் நெருங்கும், இன்னோரிடத்தில் பல்லிளிக்கும். அதனால்தான் பக்கத்தில் ஓர் ஆள். புருஷன் வீட்டிலிருந்து எட்டே மாதத்தில் திரும்பி வந்தவள், வந்த மறுவாரம் அங்கே போய் நின்றாள். பதினொரு வருஷம் ஓடிவிட்டது. யார் தைத்தது என்று ஊரில் கேட்பார்கள். யார் பிடித்தது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

இப்போது அவளுக்கு வேறு வேலை வந்திருந்தது. ஊருக்கு வெளியே லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற எடை மேடையில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. அண்ணன் மூட்டை ஏற்றி இறக்குகிறவன், தினமும் அந்தப் பக்கம் போய் வருகிறவன். ஆள் தேடுகிறார்கள் என்று அவன்தான் வந்து சொன்னான். சொன்ன பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று அவனுக்கே ஆகிவிட்டது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தைக்கக் கிடந்ததோ ஒரு மேடைத் திரை. பள்ளிக்கூட மண்டபத்துக்கு, பதினெட்டு அடி உயரம், கனத்த வெல்வெட். பத்துப் பட்டைகளை ஒன்றோடு ஒன்று சேர்க்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மேடையில் தொங்கியாக வேண்டும்.

"அவ போனா இது யார் தலையில விழும்?" என்று அம்மா கேட்டாள்.

அதற்கு அண்ணி கண்டுபிடித்த வழிதான் பலகை. மெஷின் மேசையின் இடது ஓரத்தில் கீல் போட்டுப் பொருத்துவது. தூக்கினால் மேசையோடு மேசையாக இரண்டடி நீளும், அடியில் ஒரு கால் விரிந்து தாங்கும். வேண்டாதபோது காலை மடக்கி இறக்கிவிட்டால் மேசைக்குப் பக்கத்தில் தொங்கும். நிரந்தரமாக விரித்து வைக்க வீட்டில் இடமில்லை. அந்த அறையைத் தாண்டித்தான் சமையலறை, குளியலறை எல்லாமே. பலகை கொக்கியின் வேலையைச் செய்தால் கொக்கி போகலாம், செய்யாவிட்டால் இருக்க வேண்டியதுதான் என்று பேச்சு. அண்ணியை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை அவள். அது எல்லோருக்கும் தெரிந்ததால்தான் அம்மா அவ்வளவு நிம்மதியாக இருந்தாள்.

"இதை விரிச்சு வெச்சிருக்கிற நேரத்துல எனக்கு அவசரம் வந்தா?" என்றாள் அம்மா.

"அடியில குனிஞ்சு போயிடுங்க பெரியம்மா," என்றார் கதவுக்காரர், திருகாணியை வாயில் கவ்வியபடி.

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா? உன் வீட்டுப் பலகைக்கு அடியில நீ குனி."

தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் அவர் முப்பது வருஷமாகக் கதவும் ஜன்னலும் தவிர வேறு எதையும் செய்ததில்லை. வேலை சுத்தம். பலகையைத் தூக்கி நிறுத்தியபோது அண்ணி உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு வெல்வெட்டின் ஒரு முனையை அதன்மேல் இழுத்தாள். இரண்டு சாண் வந்தது, நின்றது. கீலின் உருண்டை மேல் பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. அதில் துணி மாட்டிக்கொண்டது. விடுவித்து மறுபடி இழுத்தால், பலகைக்கும் மேசைக்கும் நடுவே தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. துணியின் விளிம்பு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"எதுக்குண்ணே இந்தச் சந்து?" என்றாள் அண்ணி.

"மழைக்காலத்துல மரம் ஊதும்மா. சந்து விடலைன்னா நிலையோட ஒட்டிக்கும், திறக்க வராது."

"இதைத் திறந்துக்கிட்டு யாரு உள்ள வரப் போறாங்க?"

கொக்கி குனிந்து பலகையின் ஓரத்தைப் பார்த்தாள். "அண்ணி, இங்க வந்து பாருங்க. தாழ்ப்பாளுக்கும் இடம் விட்டிருக்கார்."

உண்மைதான். ஓரத்தில் பென்சிலால் தாழ்ப்பாள் அளவுக்குக் கோடு போட்டிருந்தது. கதவுக்காரர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். கை தானாகப் போட்டுவிட்டது என்றார். பலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே போனார்.

கை தானாகப் போட்டுவிட்டது. அந்தப் பேச்சு கொக்கியின் காதில் கொஞ்ச நேரம் நின்றது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே முப்பது வருஷம் ஒரு கை ஒன்றைச் செய்யுமா? செய்யுமானால், அவள் கை?

வெள்ளிக்கிழமை மதியம் பலகை திரும்பி வந்தது. கீல் அடிப்பக்கம் போயிருந்தது. சந்து இல்லை. மேலே மெழுகு தேய்த்து, ஈ உட்கார்ந்தால் வழுக்குகிற மாதிரி மினுக்கியிருந்தார். கொக்கியைக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அண்ணி முதல் இரண்டு பட்டைகளை எடுத்து முகத்தோடு முகம் வைத்துத் தைக்கத் தொடங்கினாள். துணி தரையிலிருந்து பலகை ஏறி, ஊசியைக் கடந்து, பின்பக்கக் கட்டிலில் விழுந்தது. ஊசி வளையவில்லை. நூல் அறவில்லை. அண்ணியின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசி அடி வந்தபோது மறுபடி சுருங்கியது.

இரண்டு பட்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டியவை. ஆனால் கீழ்த்துணி முடிந்த இடத்தில் மேல்துணி நாலு விரல் மிச்சமாகத் தொங்கியது.

"வெட்டினதுல தப்பா?"

"நானே அளந்தேன்," என்றாள் கொக்கி.

பிரித்துத் தைத்தார்கள். இந்த முறை மூன்றரை விரல். ஒன்பது இணைப்பிலும் இப்படி வந்தால் திரையின் அடி ஓரம் படிக்கட்டு மாதிரிதான் தொங்கும். ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது முறை கொக்கி நின்று பிடித்தாள். இரண்டு முனையும் அச்சு அசலாக ஒட்டி வந்தன.

அண்ணி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "நீ என்னடி பண்ணுற?"

"பிடிக்கிறேன்."

"பலகையும்தான் பிடிக்குது. நீ வேற என்ன பண்ணுற?"

"வேற ஒண்ணும் பண்ணலையே அண்ணி. சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

"சும்மா நிக்கறதுக்கு மூணரை விரல் எப்படி வரும்?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா நூல்கண்டைச் சுற்றியபடியே சொன்னாள், "நான்தான் சொன்னேனே. மரத்துக்கு என்ன தெரியும்? இருக்கிற கொக்கியை விட்டுட்டு..."

"நீ சொன்னது உன் முட்டியால குனிய முடியாதுன்னுதான்," என்றாள் கொக்கி. அம்மா நூலைச் சுற்றுவதில் கவனமானாள்.

அடுத்த இணைப்பை அவளே பிடித்தாள். இம்முறை தன் கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டு பிடித்தாள். அதிசயம் என்னவென்றால், பார்க்கப் பார்க்கக் கை தடுமாறியது. எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று யோசித்த மாத்திரத்தில் துணி முறுக்கிக்கொண்டது. இரண்டு விரல் பிசகிற்று. பதினொரு வருஷத்தில் முதல் பிசகு. எண்ணிக்கொண்டே மாடிப்படி ஏறுகிறவன் தடுக்கி விழுகிற கதைதான். பார்த்தால் கை பொய் சொல்கிறது, பார்க்காவிட்டால் என்ன செய்கிறதென்று தெரியவில்லை. எடை மேடை வேலை போகிறதே என்ற கவலை ஒரு பக்கம் இருந்தது. அதைவிட, இந்த இரண்டு கையும் தன்னைக் கேட்காமல் என்னதான் செய்துகொண்டிருக்கின்றன என்று தெரிந்தாக வேண்டும் என்ற அரிப்பு பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை எழுந்ததும் துணியில் குறி போடுகிற சாக்கட்டிகள் இரண்டை எடுத்தாள். வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. பிளேடால் சுரண்டி இரண்டு கிண்ணத்தில் தூளாக்கினாள்.

"காலங்காத்தால என்ன பண்ற?" என்றாள் அண்ணி.

"இடது கையில வெள்ளை, வலது கையில நீலம். பூசிக்கிட்டு எப்பவும் போலப் பிடிக்கறேன். நீங்க தைங்க. ஏதாவது பேசிக்கிட்டே தைங்க, நான் கையைப் பார்க்கக் கூடாது. அப்புறம் துணியில எங்க எங்க ஒட்டியிருக்குன்னு பார்ப்போம்."

"மேடைத் திரைடி அது. பள்ளிக்கூடத்துக்காரங்க உன் கைரேகையைப் பார்க்கவா வருவாங்க?"

கொக்கி ஒரு வெட்டுத்துண்டில் நீலத்தைத் தேய்த்து, பிரஷ்ஷால் நாலு தட்டு தட்டிக் காட்டினாள். தூசியாகப் பறந்துவிட்டது. அண்ணி போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

அண்ணி பேச எடுத்துக்கொண்ட விஷயம் அம்மாவின் குறட்டை. அம்மா மறுத்தாள். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் படுத்தால், எப்படி வருகிறது என்று அண்ணி வகை பிரித்துச் சொன்னாள். அம்மா தன் மகனுடைய குறட்டையை மருமகள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறாள் என்று கேட்டாள். கொக்கி சிரித்துக்கொண்டே பிடித்தாள். கையை மறந்தே போனாள். பதினெட்டு அடியும் முடிந்து பார்த்தால் இரண்டு முனையும் நேராக ஒட்டியிருந்தன.

தைத்ததை ஜன்னலோரம் நீளவாக்கில் விரித்து, மூன்று பேரும் குனிந்தார்கள்.

மேல் பக்கத்தில் வெள்ளை உள்ளங்கைத் தடம் ஒன்று. அதற்கப்புறம் ஒரு முழத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு இன்னொரு தடம். மறுபடி வெறும் முழம். முதலிலிருந்து கடைசி வரை இதே கணக்கு, முழக்கோல் வைத்து அடித்ததுபோல.

"நடுவுல நீ தொடவே இல்லையே," என்றாள் அண்ணி.

"ஆமா. அப்ப நான் பிடிக்கவே இல்லையா?"

அவள் எழுந்து, வெறும் காற்றில் கையை வைத்துச் செய்து பார்த்தாள். இப்போது புரிந்தது. தரையிலிருந்து ஒரு முழம் துணியை மேலே இழுத்து, ஊசிக்கு முன்னால் ஒரு திட்டாகக் குவித்துவிடுகிறாள். கீழே தொங்குகிற கனத்தை மணிக்கட்டில் வாங்கிக்கொள்கிறாள். ஊசி அந்தத் திட்டைத் தின்று முடிக்கிறவரை துணிமேல் கை வைப்பதில்லை. தின்றதும் அடுத்த முழம். மெழுகு போட்ட பலகையில் திட்டு நிற்காது. ஓரத்தில் தொங்குகிற கனம் அதைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு போய்விடும். அண்ணி எதிர்ப்பக்கம் இழுக்க, துணி நீள, அதில்தான் பிசகு.

"அந்த நீலம் எங்க?" என்றாள் அம்மா. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு அவள்தான் முதலில் கேட்டாள். மேல் பக்கம் இல்லை. கீழ்ப் பக்கமும் இல்லை.

அண்ணி இரண்டு பட்டைகளையும் புத்தகம் போல விரித்தாள். உள்ளே, இரண்டு துணிக்கும் நடுவில், தையலுக்கு ஒரு விரல் தள்ளி, மெல்லிய நீலக் கோடு. எங்கேயும் அறுபடாமல் பதினெட்டு அடிக்கும் போயிருந்தது.

கொக்கி வாயைத் திறந்தபடி பார்த்தாள். "இது யார் விரல்?"

"உன் விரல்தாண்டி. நடுவுல வேற யாரு வந்து விட்டாங்க?"

"நான் உள்ள விரல் விடறதே எனக்குத் தெரியாது அண்ணி."

வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் மட்டும் நீலம் தேய்ந்து தோல் தெரிந்தது. அந்த இடத்தில் தோல் காய்த்துப் போயிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பாத்திரம் துலக்குவதால் வந்தது என்று நினைத்திருந்தாள். மெஷினின் பல் கீழ்த்துணியை முந்தி இழுத்துக்கொண்டு ஓடும். மேல்துணி பின்தங்கும். நடுவில் ஒரு விரல் இருந்தால் கீழே இருப்பது கொஞ்சம் தயங்கி, மேலே இருப்பதோடு சேர்ந்து போகும். யாரும் சொல்லித் தரவில்லை. விரல் எப்போதோ ஒரு நாள் அதைக் கண்டுபிடித்துவிட்டு அவளிடம் சொல்லாமலே இருந்துவிட்டது.

கதவுக்காரரை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். பலகையின் வெளி ஓரத்தில் ஒரு சட்டம் அடிக்க வேண்டும், மேல் பக்கம் உருண்டையாக இருக்க வேண்டும் என்றாள் கொக்கி.

"ஓரத்துல சட்டம் அடிச்சா எப்படிம்மா மூட..." என்று தொடங்கியவர் அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி. எவ்வளவு கனம்?"

"என் மணிக்கட்டு கனம். இது மேலதான் இத்தனை நாளா துணி தொங்குச்சு."

அவர் டேப்பை எடுத்து அவள் மணிக்கட்டை அளந்து, காதிலிருந்த பென்சிலை உருவிப் பலகையிலேயே எழுதிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சட்டம் வந்தது. துணி பிடித்து நிற்க அதன்மேல் பழைய கம்பளித் துண்டு ஒன்றைச் சுற்றி ஆணி அடித்திருந்தார். அது அவருடைய சொந்த யோசனை. அதைச் சொல்லிக்காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை. இறக்கிவிட்டால் சட்டம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"முட்டிக்கு இருந்தது போதாதுன்னு இப்ப கணுக்காலுக்கா?" என்றாள் அம்மா.

மிச்சமிருந்தது விரல். அதை எந்தத் தச்சராலும் செய்ய முடியாது. பலகை கனத்தை வாங்கிக்கொண்டதால் அண்ணியின் இடது கைக்கு இப்போது ஓய்வு. அந்தக் கையின் ஆள்காட்டி விரலை இரண்டு துணிக்கும் நடுவில் விட்டுப் பார்த்தாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அழுத்தணுமா, விடணுமா?"

"அழுத்தாதீங்க. அது ஓடப் பார்க்கும் பாருங்க, அப்ப லேசா..." கொக்கிக்குச் சொல் கிடைக்கவில்லை. "அதுவே சொல்லும்."

"உனக்கே பதினொரு வருஷமா சொல்லல. எனக்கு ஒரே நாள்ல சொல்லுமா?"

கேலி போலத்தான் சொன்னாள். ஆனால் குரலில் கேலி இல்லை. கொக்கி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் வேணும்னா போகலை அண்ணி."

"அதைக் கேக்கறதுக்காகவா இத்தனை பாடு படறேன்? வாயை மூடிக்கிட்டு அந்தப் பட்டையை எடு."

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசிச் சோதனை. அண்ணி தனியாக ஒரு முழு இணைப்பைத் தைக்க வேண்டும். பாதி அடி போவதற்குள் கொக்கியின் கை தானாக நீண்டு துணியில் விழுந்தது. தட்டிவிட்டாள் அண்ணி. மறுபடி விழுந்தது. கடைசியில் அம்மாதான் அவளைப் பிடித்துக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொக்கி தெருவைப் பார்த்தபடி காதை உள்ளே வைத்திருந்தாள். மெஷின் ஓடியது, நின்றது. இப்போது அண்ணி ஒரு முழம் இழுக்கிறாள். ஓடியது, நின்றது. இந்த நிறுத்தம் கொஞ்சம் நீளம். விரல் நழுவியிருக்கும், எடுத்து வைக்கிறாள். ஓடியது. அவள் பிடித்தால் இத்தனை முறை நிற்காது. பதினெட்டு அடிக்கு எத்தனை நிறுத்தம் வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தாவது நிறுத்தத்தில் உள்ளே ஏதோ விழுந்த சத்தமும் அண்ணி பல்லைக் கடித்துச் சொன்ன ஒரு வசவும் கேட்டன. கதவில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். மெஷின் மறுபடி ஓடியது. பன்னிரண்டாவது நிறுத்தத்துக்குப் பிறகு சத்தமில்லை.

அம்மா கதவைத் திறந்தாள். உள்ளே திரும்பி நடந்தாள்.

இரண்டு பட்டையின் முனையும் பலகைமேல் கிடந்தன. மேல்துணி ஒரு விரல் அதிகம். ஒரே ஒரு விரல். கொக்கி மூன்று முறை அளந்தாள். அதைவிடக் குறையவில்லை.

"இன்னும் ரெண்டு தைச்சா கை பழகிடுமா?" என்று கேட்டாள்.

"பழகலாம், பழகாமலும் போகலாம்," என்றாள் அண்ணி. நெற்றியிலிருந்து வேர்வையைத் துடைத்தாள். "உன்ன மாதிரி வராது. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். நீ இருந்தா ரெண்டு நாள்ல முடியும், இது நாலு நாள் ஆகும். பலகை பாதி வேலைதான் பண்ணுது. மீதிக்கு என் தோள் கழண்டு போகும்."

கொக்கி தலையாட்டினாள். திங்கட்கிழமை எட்டு மணி என்பது எங்கோ தூரத்தில் போவதுபோல இருந்தது. யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பட்டைகளை மடிக்கக் கையை நீட்டினாள்.

அம்மா குறுக்கே வந்து அந்த முனையை எடுத்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்த ஒரு விரலைத் தன் விரலால் அளந்தாள். திரையின் அடியில் எவ்வளவு மடித்துத் தைப்பார்கள் என்று கேட்டாள். ஒரு சாண் என்றாள் அண்ணி.

"ஒரு சாண் மடிப்புல ஒரு விரல் எங்க தெரியப் போவுது?" என்றாள் அம்மா. "மேடையில ஏறி அடி ஓரத்தைத் தூக்கிப் பார்க்க எவன் வருவான்? நாலு நாள்னா வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைதானே கேட்டிருக்காங்க."

அண்ணி மாமியாரைப் பார்த்தாள். "அத்தை, முந்தாநாள் நீங்கதானே..."

"முந்தாநாள் எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது. பலகையைத் தூக்கினபடியே வை, நான் குனிஞ்சு போய்க்கறேன். வியாழக்கிழமை வரைக்கும்தான். அதுக்கு மேல என் முட்டி தாங்காது." பலகைக்கு அடியில் தவழாத குறையாகக் குனிந்து, வலியில் ஒரு முனகல் முனகி, சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

அண்ணி அடுத்த பட்டையை எடுத்துச் சட்டத்தின்மேல் போட்டாள். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கற? நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போறதுக்குத் துணி துவைச்சியா?"

மத்தியானம் அண்ணன் வந்து கட்டிலில் காலை நீட்டினான். கொக்கி ஈரத்துணியைக் கொடியில் போட்டபடி கேட்டாள்.

"அண்ணா, லாரியில இருக்கிற சரக்கு எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? லாரியோட எடையும்தானே சேர்ந்து வரும்?"

"முதல்ல காலியா ஒரு தடவை ஏத்துவாங்க. அப்புறம் லோடோட ஒரு தடவை. கழிச்சுக்க வேண்டியதுதான்."

அவள் ஒரு துணியை உதறினாள். உதறின கையோடு நின்றாள்.

"டிரைவர்? ரெண்டு தடவையும் உள்ளேயே உக்காந்திருப்பானா?"

அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தான். பிறகு சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். "அதைத்தான் நீ போய்ப் பார்க்கணும்."